விகிதப் பெட்டியைச் சோதித்த மூன்று காலைகள்

ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் எங்கள் பக்கத்தில் வீடு வீடாகப் போய் மன்னிப்பு, எங்கள் பேச்சில் மாப்பு, கேட்பது வழக்கம். வாசலில் நின்று, "என்ட சொல்லால செயலால ஏதும் நடந்திருந்தா மாப்புச் செய்ங்க" என்று சொல்ல வேண்டும். "ஓம் ஓம், மாப்பு. எங்களுக்கும் துஆக் கேளுங்க" என்று வீட்டுக்காரர் சொல்வார். என்ன நடந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம் போதும். அறுபத்தொன்பதாவது வயதில் எனக்கு அந்தப் பயணம் கிடைத்தபோது ஒரு கொப்பியில் பட்டியல் எழுதினேன். அறுபத்து நான்கு வீடுகள். அவற்றுள் ஐம்பத்தெட்டு சாய்ந்தமருதிலேயே இருந்தன. கடைசியாக எழுதியது பாண்டிருப்பில் உள்ள ஒரு வீடு. தூரம் என்பதற்காக அதைக் கடைசியில் வைத்ததாக மனைவியிடம் சொன்னேன். சைக்கிளில் போனால் இருபத்தாறு நிமிடம். அது ஒரு தூரமே அல்ல.

அந்த வீட்டுக்காரனும் நானும் பத்தொன்பது வருடம் ஒரே மேசையில் இருந்தவர்கள். கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சோதனைக்கூடம். அரிசி ஆலை, ஐஸ் தொழிற்சாலை, வைத்தியசாலை என்று பல இடங்களிலிருந்து வரும் வோல்ற்றுமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சான்று கொடுப்பது எங்கள் வேலை. அவன் அளப்பான். நான் சரிபார்ப்பேன். ஒவ்வொரு சான்றிலும் எங்கள் இருவருடைய கையெழுத்தும் இருக்கும். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் எனக்கு நாற்பத்தொரு நாள் இளையவன்.

எங்களிடம் இருந்த கருவிகளுள் ஆகப் பெறுமதியானது ஒரு விகித நிலைமாற்றி. நாங்கள் அதை விகிதப் பெட்டி என்போம். திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்ட மின்சாரத்தின் வோல்ற்றளவை, கேட்ட பங்கில் துல்லியமாகப் பிரித்துத் தருவது அதன் வேலை. தடைகளைக் கோத்தும் வோல்ற்றளவைப் பிரிக்கலாம். ஆனால் தடை சூடேறினால் மாறும், வயதானாலும் மாறும். விகிதப் பெட்டிக்குள் இருப்பது ஓர் உலோக வளையமும், அதைச் சுற்றிய செப்புக் கம்பியும். நூறு முறுக்குச் சுற்றி முப்பத்தேழாவது முறுக்கிலிருந்து கம்பியை வெளியே எடுத்தால், நூற்றில் முப்பத்தேழு பங்கு கிடைக்கும். முறுக்கு என்பது முழு எண். எந்த வெயிலிலும் அது முப்பத்தேழரை ஆகாது. முகப்பில் ஏழு குமிழ்கள் இருந்தன. ஒவ்வொரு குமிழுக்கும் பூச்சியம் முதல் ஒன்பது வரை பத்து நிலைகள். முதற் குமிழ் பத்தில் ஒரு பங்கைத் தரும். அடுத்தது அதிலும் பத்தில் ஒரு பங்கு. இப்படியே போய், ஏழாவது குமிழ் கோடியில் ஒரு பங்கைத் தொடும்.

எண்ணிக்கையை மட்டும் நம்பி நிற்கிற அந்தக் கருவியின் மேல் எனக்குத் தனிப் பிரியம். நான் எதையும் எண்ணுகிறவன். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன். மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மல்ரிமீற்றரை எடுத்துக்கொண்டு விகிதப் பெட்டியின் எழுபது நிலைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். எங்காவது தொடுகை தளர்ந்திருந்தால் ஊசி அசையாது, உடனே தெரிந்துவிடும். எழுபதில் எழுபதும் சரி என்று கொப்பியில் குறித்தபின்தான் எனக்கு மூச்சு வரும். இதை அவனுக்குத் தெரிய நான் செய்ததில்லை. "பேய் பிடிச்சவன்" என்று சிரிப்பான் என்ற வெட்கம்.

பதினொரு வருடத்துக்கு முன் ஓர் ஒப்பீடு வந்தது. முத்திரையிட்ட ஒரு விகிதப் பெட்டியைச் சோதனைக்கூடம் சோதனைக்கூடமாக அனுப்புவார்கள். ஒவ்வொரு கூடமும் தன் பெட்டியை அதனோடு ஒப்பிட்டு விடை எழுத வேண்டும். எல்லா விடைகளும் சேர்ந்தபின், எந்தக் கூடம் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் வரும். எங்களுக்குத் தந்தது மூன்று நாள். எங்கள் வழமையான வேலைக்கு நான்காம் இலக்கத்துக்கு அப்பால் யாரும் பார்ப்பதில்லை. இதில் ஆறாம், ஏழாம் இலக்கம் வரை கேட்டார்கள்.

எனக்கு நித்திரை வரவில்லை. முதல் நாள் சுபஹுத் தொழுதவுடன் புறப்பட்டு, ஏழேகாலுக்கே கூடத்தைத் திறந்தேன். வந்திருந்த பெட்டிக்கு முத்திரை இருந்ததால் அதைத் தொடவில்லை. எங்கள் பெட்டியை எடுத்து, எழுபது நிலைகளையும் மல்ரிமீற்றரால் சோதித்தேன். எழுபதும் சரி. எட்டரைக்கு அவன் வந்தான்.

"என்ன மச்சான், முகம் வெளிறிக் கிடக்கு? காலையில சோத்துப் பருக்கைய எண்ணி முடிக்கல்லையா?"

"ஒழுங்கா அளடா. ஊர்ச் சிரிப்பாக்கிராத."

"நீ பக்கத்தில நிண்டு மூச்சு விடாம இருந்தாலே போதும். ஊசி ஆடுது உன்ட மூச்சில."

அவன் அளப்பதைப் பார்க்க வேண்டும். குமிழைத் திருகும்போது இரண்டு விரல்தான் அசையும். ஊசி நடுக்கோட்டில் வந்து நிற்கும்வரை கண் இமைக்க மாட்டான். அன்று ஐந்து தரம் அளந்தான். ஐந்தும் ஒன்றாய் வந்தன. வந்த பெட்டியைவிட எங்களுடையது ஆறாம் இலக்கத்தில் நான்கு கூடுதலாக இருந்தது.

அவனுக்கும் எனக்கும் அது பிடிக்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்றோம். பயத்தில் மறுநாளும் நான் அவனுக்கு முன்பே வேளைக்கு வந்து எழுபதையும் சோதித்தேன். அன்று ஒன்பது கூடுதல். மூன்றாம் நாளும் சோதித்தேன். இரண்டு குறைவு. ஒரு நாளுக்குள் அளந்த ஐந்தும் ஒத்துப்போயின. நாளுக்கு நாள்தான் மாறின. கை நடுங்குகிறவன் அளந்தால் ஒரே நாளிலும் விடை சிதறும். சரிபார்க்க இருந்தவன் நான். இந்த ஒன்றை நான் சரிபார்க்கவில்லை.

விடைகளை எழுதி அனுப்பி இரண்டு மாதத்துக்குப் பின் தாள் வந்தது. மற்றக் கூடங்களெல்லாம் ஓரிடத்தில் கூடி நிற்க, நாங்கள் ஓர் ஓரத்தில் தனியே நின்றோம். எங்கள் பொறுப்பதிகாரி விகிதப் பெட்டியைக் கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதித்தார். நான்கு பக்க அறிக்கை திரும்பி வந்தது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்று முதற் பக்கத்திலேயே இருந்தது. பக்கங்களை எண்ணினேன். நான்கும் இருந்தன. கோவையில் வைத்தேன்.

பொறுப்பதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"பெட்டி சரி. வந்த பெட்டியும் சரி. அப்ப பிழை எங்க இரிக்கி? கண்ணிலயா கையிலயா?"

"நான் ஒழுங்காத்தான் பாத்தன் சேர்," என்றான் அவன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதும் பெட்டியில கை வச்சீங்களா?"

"இல்ல சேர்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. சோதிப்பதைக் கை வைப்பதாக நான் நினைத்ததே இல்லை. கதவை இழுத்துப் பார்க்கிறவன் கதவைத் திறந்ததாகச் சொல்வானா?

சரிபார்த்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்: "கருவிகளில் குறையில்லை. வாசிப்பில் ஒருமைப்பாடு இல்லை." ஐந்து சொற்கள். ஒவ்வொன்றும் உண்மை என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை அவனைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். களஞ்சியத் திறப்புகளைக் கொத்தாக இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திருகாணிகளையும் கடதாசிகளையும் வழங்கினான். கண் டொக்டரிடம் போனான்; கண்ணில் ஒன்றும் இல்லை என்றார். அவன் நம்பவில்லை. பத்து மாதத்தில், வயது வருமுன் வேளைக்கே ஓய்வெடுத்துக்கொண்டு போய்விட்டான். அதைவிட ஒன்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவனுடைய ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வருடாவருடம் லைற் வயர் இழுப்பது அவன்தான். இருபத்திரண்டு வருடம் ஒரு பைசா வாங்காமல் செய்தவன். அந்த வருடம் கேட்க வந்தவர்களிடம் ஏலாது என்று சொல்லிவிட்டான். "என்ட கண்ண நம்பி வயர் இழுத்து, தீர்த்தத்தில தண்ணிக்குள்ள நிக்கிற சனத்துக்கு ஏதும் நடந்தா யார் பொறுப்பு?" என்றானாம். யாரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. அவனாகவே முடிவு செய்தது.

இரண்டு வருடம் கழித்து நான் ஓய்வு பெற்ற நாளில், கோவைகளை எண்ணி ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்த நான்கு பக்கம் கையில் வந்தது. இந்த முறை நான் வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: வழமைப்படி முதலில் காந்தநீக்கம் செய்யப்பட்டு, பின்னர் அளவீடு எடுக்கப்பட்டது.

கதிரையில் இருந்துவிட்டேன். மல்ரிமீற்றருக்குள் பற்றரி இருக்கிறது. பற்றரி தருவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். எங்களுடையது பழைய மல்ரிமீற்றர். குறைந்த தடையை அளக்கும்போது நிறைய ஓட்டத்தை உள்ளே தள்ளும். நான் ஒவ்வொரு நிலையிலும் அதைத் தொட்டுத் தொட்டு எடுத்தபோது, உள்ளே இருந்த வளையம் கொஞ்சம் கொஞ்சமாகக் காந்தமாகியிருக்கிறது. காந்தமான வளையத்தில் வோல்ற்றளவு முறுக்குக் கணக்குப்படி சரியாகப் பிரியாது. ஆறாம் இலக்கத்தில் பிசகும். கொழும்பில் பெட்டிக்கு முழு ஆடலோட்டம் கொடுத்து மெல்ல மெல்லக் குறைத்து, அந்தக் காந்தத்தை நீக்கிவிட்டு அளந்திருக்கிறார்கள். ஆகவே பெட்டி சரி. அவன் கண்ணும் சரி. அவன் கையும் சரி. ஒவ்வொரு காலையிலும் நான் வைத்துவிட்டுப் போன பிழையை அவன் மிகத் துல்லியமாக அளந்து தந்திருக்கிறான்.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. நோன்பு வந்தது, பிறகு போகலாம் என்றேன். மகளின் கல்யாணம் வந்தது; பிறகு என்றேன். அவன் வயலும் வீடுமாய் நிம்மதியாக இருக்கிறான், ஏன் கிளற வேண்டும் என்றேன். ஒருநாள் கல்முனைச் சந்தையில் அவன் முதுகைக் கண்டு, மீன் வாங்காமலே திரும்பினேன். இப்படி ஒன்பது வருடம். அல்லாஹ்வுக்குச் செய்த பிழைக்கு மாப்பை அல்லாஹ்விடமே கேட்கலாம். மனிதனுக்குச் செய்ததற்கு அந்த மனிதனிடம்தான் கேட்க வேண்டும் என்று சிறு வயதில் ஓதிய பாடம். அதை வெள்ளிக்கிழமைகளில் கேட்கும்போதெல்லாம் பள்ளிவாசல் விரிப்பின் கோடுகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

பட்டியலில் அறுபத்து மூன்று வீடும் முடிந்தபின் பாண்டிருப்புக்குப் போனேன். அவன் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தான். மெலிந்திருந்தான். என் குரலைக் கேட்டபின்தான் சிரித்தான்.

"அட, ஹாஜியார்! எத்தின படி ஏறி வந்த? சொல்லு பாப்பம்."

"உன்ட வீட்டுக்கு ரெண்டு படிதான்."

அவன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து என் கையில் தந்தாள். என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவனுக்கு உரியதை அவன் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்து, கோப்பையின் பிடியை அவன் பக்கம் திருப்பிவிட்டாள்.

"போத்தலில சீனிதான் இருக்கு எண்டு சொன்னவர் காக்கா. போத்தலத் திறந்து நானும் பாத்துத்தான் போட்டன். இவர் ரெண்டும் ரெண்டும் நாலு எண்டாலும் நான் விரல் மடிச்சுப் பாக்கிறனான்."

"பகிடி விடாத கா," என்றான் அவன் மனைவியிடம். ஆனால் சிரித்தான். பழகிப்போன சிரிப்பு.

நான் எழுந்து நின்று வழமையான வசனத்தைச் சொன்னேன். "மச்சான், என்ட சொல்லால செயலால ஏதும் நடந்திருந்தா மாப்புச் செய்."

"என்னடா நமக்குள்ள? மாப்பு, மாப்பு. போய்ட்டு நல்லபடி வா."

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து கொப்பியில் அறுபத்து நான்காவது பெயருக்கும் சரி போட்டேன். போட்ட சரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் விரல் மடித்துப் பார்க்கிறதாகச் சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. எதற்கென்று தெரியாமல் தந்த மாப்பை என்ன கணக்கில் சேர்ப்பது? நான்காம் நாள் மறுபடியும் சைக்கிளை எடுத்தேன்.

"மச்சான், அண்டைக்குக் கேட்ட மாப்பு செல்லாது," என்றேன்.

"ஏன், மக்காவுக்கு ரெண்டு தரம் கேக்கணுமா?"

"நீ எதுக்குத் தந்த எண்டு உனக்குத் தெரியா."

இருந்து, முழுவதையும் சொன்னேன். மல்ரிமீற்றர், மூன்று காலைகள், இரண்டாம் பக்கத்து வரி. முடிந்ததும் அவன் கேட்டான்.

"ஒரு காலைக்கு எத்தின தரம் தொட்ட?"

"எழுவது."

"அப்ப இருநூத்திப் பத்து." எனக்கு முன் அவனே சொல்லிவிட்டான். பிறகு சுவரைத் தடவி, அதில் இருந்த பழைய கலண்டர்த் தாளைக் கிழித்து, பென்சிலால் பெரிய வட்டம் ஒன்று போட்டான். அதைச் சுற்றிக் கம்பி வரைந்தான். "பற்றரிக் கரண்ட் ஒரு பக்கமாத்தான் ஓடும். நீ கையெடுக்கக்குள்ள வளையம் காந்தமா நிண்டிருக்கு. எந்த இடத்தில எப்பிடிக் கையெடுத்தியோ அதுக்கேத்த மாதிரி நாளுக்கு ஒரு அளவில நிண்டிருக்கு. அதான்டா! அதாலதான் ஒரு நாளுக்குள்ள ஐஞ்சும் ஒண்டா வந்த. நான் எத்தின இரவு யோசிச்சன் தெரியுமா, கை நடுங்கினா எப்பிடி ஐஞ்சும் ஒண்டா வரும் எண்டு?"

அவன் முகத்தில் பழைய மேசையில் கண்ட வெளிச்சம் இருந்தது. என்னோடு சேர்ந்து ஒரு கணக்கை முடித்த சந்தோசம். நானும் மடையன்போலத் தலையாட்டினேன். பிறகு அவன் பென்சிலை நிறுத்தினான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ரிட்டயரான நாள்."

"அது எத்தின வருசம்?"

"ஒன்பது."

பென்சிலைத் தாளின்மேல் வைத்தான். அது உருண்டு கீழே விழுந்தது. அவன் தடவித் தேடினான். அது விழாத பக்கத்தில் தேடினான். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"முதல் ரெண்டு வருசம் பிழை மச்சான். யாருக்கும் வரும். அத அண்டைக்கே மாப்பாக்கிட்டன். மத்த ஒன்பதும் என்ன?"

அவன் வரைந்த கம்பியின் சுற்றுகளை நான் எண்ணத் தொடங்கினேன்.

"இப்ப கண் உண்மையாவே போய்ட்டு," என்றான். "ரெண்டிலயும் வெள்ளை படர்ந்திருக்கு. ஒண்ட ஒப்பரேசன் செஞ்சும் சரிவரல்ல. அண்டைக்கு நல்லாத் தெரிஞ்ச கண்ணுக்கு இண்டைக்கு வந்து சான்று தாறாய் நீ."

"கோயில் லைற்..." என்று தொடங்கினேன்.

"அத விடு. அது இப்ப வேற ஆக்கள் செய்யிறாங்க. நல்லாத்தான் செய்யிறாங்க." பென்சிலை என் கையில் வைத்துச் சொன்னான்: "எழுதித் தா. உன்ட பேரும் வேணாம், என்ட பேரும் வேணாம். நடந்தத எழுது. ஐஞ்சு சொல்லில எழுதாத."

அவனுக்கு அந்த ஐந்து சொல்லும் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். யாரோ காட்டியிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டே, பத்து மாதம் களஞ்சியத்தின் யன்னலால் எனக்குக் கடதாசி எண்ணித் தந்திருக்கிறான்.

ஹஜ்ஜுக்குப் போனேன். அங்கே நின்று என்ன கேட்டேன் என்பதை எழுத மாட்டேன். திரும்பி வந்து, இங்கே எழுதியிருப்பதை முதலில் ஒன்பது பக்கத்தில் எழுதிக்கொண்டு அவனிடம் போனேன். அவனால் வாசிக்க முடியாது என்பதால் நானே வாசித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பெட்டியும் சரி, அவன் கண்ணும் சரி, கையும் சரி என்று எழுதிய இடம் வந்ததும் கையைத் தூக்கினான்.

"நிப்பாட்டு. இஞ்ச வா கா," என்று மனைவியைக் கூப்பிட்டான். அவள் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். "அந்த இடத்த இவவுக்கு இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். அவளுக்குக் காந்தமும் வளையமும் விளங்கவில்லை. மறுபடி, நான் காலையில் வந்து பெட்டியைக் கெடுத்ததையும், கெட்டுப்போன பெட்டியை அவன் சரியாக அளந்ததையும் சாதாரணப் பேச்சில் சொன்னேன்.

"அப்ப இவர்ர கண்ணில பிழை இருக்கல்ல?"

"இல்ல தங்கச்சி."

"இவர் அண்டைக்குச் சொன்னவர் காக்கா. நான் ஒழுங்காத்தான் பாத்தன் எண்டு. நூறு தரம் சொன்னவர்." கையைச் சேலையில் துடைத்தாள். "நான்தான் நம்பல்ல. நீங்க எழுதின எண்டதால நம்பல்ல. நீங்க எண்ணி எண்ணிப் பாக்கிற ஆள் எண்டு இவர்தானே எனக்குச் சொல்லியிருந்தவர்."

மீதிப் பக்கங்களை வாசிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். தாள்களை வாங்கி மடித்து, தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். மாப்பைப் பற்றி அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் உள்ளே போய் இரண்டு தேத்தண்ணியோடு வந்தாள். ஒன்றை எனக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தாள். மற்றதை அவன் கையிலேயே கொடுத்தாள். சூடான தேத்தண்ணி அவன் விரலில் கொஞ்சம் சிந்தியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்; கோப்பையை எடுக்கவோ துடைக்கவோ போகவில்லை.